மக்காக்கு வீட்டுக் கொடி

ஞானப்பட்டி, சுருளிப்பட்டி வழி
9.6.2024

அன்புத் தங்கை சிஸ்டர் கிளாராவுக்கு,

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். நாங்கள் நலம். உன் அண்ணி பாக்கியத்துக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. நீ சொன்ன தைலத்தைத் தேய்க்கிறாள். தேய்க்கும்போது உன்னைத் திட்டுகிறாள். மகள் பெனிட்டா தேனிக் கல்லூரிக்குப் போய்வருகிறாள். உன் காய்ச்சல் எப்படி இருக்கிறது? காங்கோவுக்குப் போய் எட்டு மாதத்தில் மூன்று முறை காய்ச்சல் என்றால் அந்த ஊர்த் தண்ணீர் உனக்குச் சேரவில்லை என்று அர்த்தம். உன் மலையில் சிக்னல் கிடையாது, சரி. இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உங்கள் டிரைவர் போனுக்கு அனுப்புகிறேன். அவர் ஊருக்குள் போகும்போது பார்த்து உனக்குக் கொண்டுவரட்டும்.

அவசரமான ஒரு காரியம். நம் ஊர்த் திருவிழாக் கொடியை யார் எடுப்பது என்பதில் இந்த வருடம் தகராறு. உனக்குத் தெரியும், பழைய காலத்துப் பிரெஞ்சு சாமியார் தம் வாயால் பேர் வைத்த ஐந்து வீடுகள் இங்கே உண்டு. அதில் முதலாவது நம் மக்காக்கு வீடு. அதனால்தான் தாத்தா கொடி எடுத்தார், அப்பா எடுத்தார், நான் எடுக்கிறேன். இப்போது சாலமன் மச்சான், உன் அண்ணியின் கூடப் பிறந்த அண்ணன், பங்குப் பேரவையில் எழுந்து நின்று, முதல் பேர் தங்கள் கொசோன் வீட்டுக்குத்தான் வைக்கப்பட்டது என்கிறார்.

பங்குச் சாமியார் ஜஸ்டின் புதியவர். "அந்தப் பேருகளுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். நான் எழுந்து, "காவலன்னு அர்த்தம், சாமி. எங்க கொள்ளுத்தாத்தா சாமியாரோட திராட்சைத் தோட்டத்துக்குக் காவல் இருந்தாக" என்றேன். மச்சான் விடவில்லை. "யாரு சொன்னாக? உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமா?" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "என் தங்கச்சி பிரெஞ்சு பேசுற நாட்டுல இருக்கா. அவ எழுதட்டும். அவ எழுதுறதை அப்படியே இங்கன வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஃபாதரும், எந்தப் பேர் பெரியதோ அந்த வீடு கொடி எடுக்கட்டும் என்று முடித்துவிட்டார். செப்டம்பர் பதினைந்து கூட்டம்.

பெனிட்டா போனில் தேடிப் பார்த்தாள். மக்காக்கு என்று போட்டால் மக்காச்சோளம் விலை வருகிறது. ஆகவே நீதான் எழுத வேண்டும். நன்றாக, நாலு பேர் முன்னால் வாசிக்கிற மாதிரி எழுது.

நம் திராட்சைப் பந்தலில் குரங்குத் தொல்லை. மற்றபடி கர்த்தர் புண்ணியத்தில் குறையில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
அருளப்பன்


மயோம்பே மலை, போமா வழி, காங்கோ
30.6.2024

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இயேசுவின் சமாதானம் நம் வீட்டில் தங்கட்டும். காய்ச்சல் போய்விட்டது. தண்ணீரைக் குறை சொல்லாதே, கொசுவைச் சொல். அண்ணி தைலத்தோடு வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கட்டும். இங்கே இப்போது மழையில்லாத மாதங்கள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வானம் நாள் முழுவதும் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. மரவள்ளி இலையை இடித்துப் பாமாயிலில் வேகவைத்துத் தருகிறார்கள். நம் கீரைக் கடைசலை நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

என் பிரெஞ்சு காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் போதுமானது, அவ்வளவுதான். அதனால் உன் கேள்வியை மதியச் சாப்பாட்டில் எல்லோரிடமும் கேட்டேன். கொஞ்சம் பெருமையாகத்தான் கேட்டேன். "உங்கள் மொழிக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்குப் பேர் வைத்திருக்கிறார், மக்காக்கு" என்றேன். சிஸ்டர் பெலிசிதே இந்த மலையிலேயே பிறந்தவர், எங்கள் மருந்தகத்துக்குத் தலைவி. அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மற்ற இரு சிஸ்டர்களும் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் ஏதோ தவறாக உச்சரித்துவிட்டேன் போலும். அவருக்குத் தலைவலியாகவும் இருக்கலாம்.

விசாரித்து எழுதுகிறேன். அதுவரை மச்சானிடம் வாய் கொடுக்காதே. பந்தலுக்கு வலை போட்டால் என்ன? பெனிட்டா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

அன்புத் தங்கை
கிளாரா


ஞானப்பட்டி
14.7.2024

அன்புத் தங்கைக்கு,

இறைவன் உனக்கு நல்ல சுகம் தரட்டும். நாங்கள் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

"விசாரித்து எழுதுகிறேன்" என்பதைப் பேரவையில் வாசிக்க முடியாது. நேற்று டீக்கடையில் மச்சான் எல்லோர் காதிலும் விழும்படி கேட்கிறார்: "என்ன மச்சான், சிஸ்டர் ஆத்தா இன்னும் பிரெஞ்சு படிச்சு முடிக்கலையா? காவலன்னு வராட்டியும் காவக்காரன்னு வந்தா ஏத்துக்கிடுவோம், கவலப்படாதீக." கடையே சிரித்தது. "உங்க வீட்டுப் பேரையும் சேத்துத்தான் கேக்கப்போறேன். வரட்டும், அப்பப் பாப்பம்" என்றேன். "கேளுங்க, நல்லாக் கேளுங்க. எங்க தாத்தாவோட அப்பா சாமியாருக்குச் சமையக்காரரு. பாசமா வச்ச பேரு, பாசமாத்தான் இருக்கும்" என்றார். ஆகவே கொசோன் என்பதற்கும் அர்த்தம் கேட்டு எழுது. அது ஏதாவது சட்டி பானை என்று இருந்தால் எனக்கு நிம்மதி.

உன் அண்ணி இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று காலை மட்டும் சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அங்கன பெறந்தேன், இங்கன வாக்கப்பட்டேன். ஒங்க ரெண்டு பேரு சண்டையில நான் எந்த வீட்டுப் பேரைச் சொல்லிக்கிட்டுத் திரியிறது?"

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் பந்தலுக்குள் சத்தம் கேட்கிறது. எழுந்து போனால் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தால் கொத்தோடு பழம் கீழே கிடக்கிறது. ஒரு பெண் குரங்கு, வயிற்றில் குட்டி தொங்க, பந்தல் கம்பியில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. தகரத்தைத் தட்டினால் தலையைச் சொறிகிறது. வெடி போட்டால் அடுத்த பந்தலுக்குப் போய், அவன் வெடி போட்டதும் திரும்பி வருகிறது. வலைக்குச் சொல்லியிருக்கிறேன். வனத்துறையில் சேத மனு கொடுக்கச் சொல்கிறார்கள்.

சீக்கிரம் எழுது. உடம்பு பத்திரம்.

அருளப்பன்


மயோம்பே மலை
11.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசு உன் மனதுக்கு அமைதி தரட்டும். பதில் தாமதமாகிவிட்டது. அம்மை ஊசி போடும் முகாம் இருந்தது. பிறகு வண்டி பழுதானது. பிறகும் நான் உடனே எழுதவில்லை.

இங்கே எல்லாம் சுகம். மருந்தகத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பன்றிகள் வேலியைப் பிரித்து உள்ளே வந்து, கிழங்கை எல்லாம் கிளறிப் போட்டுவிட்டன. பெலிசிதே கம்போடு ஓடிப்போய் அவற்றைப் பேர் சொல்லித் திட்டினார். நான் துரத்தப் போகாமல் உள்ளே வந்துவிட்டேன். ஏன் என்று இன்னொரு நாள் சொல்கிறேன்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். இந்த வருடம் கொடியை மச்சானே எடுக்கட்டுமே? அண்ணிக்கும் சந்தோஷமாக இருக்கும். பேரில் என்ன வந்தது? அந்தச் சாமியார் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. என் கடிதத்தை வாசிக்கிறேன் என்று நீ சொன்னதை யாராவது இன்னும் ஞாபகம் வைத்திருப்பார்களா?

அண்ணியின் கால் எப்படி இருக்கிறது? எழுதவே மாட்டேன் என்கிறாய்.

கிளாரா


ஞானப்பட்டி
25.8.2024

கிளாராவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

ஊர் முழுக்க ஞாபகம் வைத்திருக்கிறது. மைக்செட் போடுகிறவன்கூடக் கேட்கிறான்.

புதன்கிழமை நடந்ததை எழுதுகிறேன். வனத்துறையிலிருந்து கார்த்திக்ராஜ் என்று ஒரு இளைஞர் பந்தலைப் பார்க்க வந்தார். மரியாதையான பிள்ளை. பழத்தைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், குரங்கையும் பார்த்தார். அது அப்போதும் அங்கேதான் இருந்தது.

"அண்ணே, இது நாட்டுக்குரங்கு. உச்சந்தலையில வகிடு எடுத்து ரெண்டு பக்கமும் சீவுன மாதிரி இருக்கு பாருங்க, அதான் அடையாளம். மனுல இங்கிலீஷ் பேரு போடணும்."

"போடுங்க தம்பி."

"பானட் மக்காக்."

"என்னது?"

"மக்காக், அண்ணே. இந்தச் சாதிக் குரங்குக்கு எல்லாம் வெள்ளைக்காரன் வச்ச பேரு அதான். சரி, ஒங்க பேரு, விலாசம் சொல்லுங்க."

நான் வாய் திறப்பதற்குள், மருந்தடிக்க வந்த லிங்கேஸ்வரன் முந்திக்கொண்டான். "மக்காக்கு வீடு அருளப்பன்னு போடுங்க சார். அப்பத்தான் தபால்காரருக்குத் தெரியும்."

கார்த்திக்ராஜ் தாளிலிருந்து பேனாவை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "விளையாடாதீக அண்ணே. இது கவர்மென்ட் பேப்பர்" என்றார்.

லிங்கேஸ்வரன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு பந்தலுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். பாக்கியம் வந்து கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தேன். அவளிடம் சொல்லவில்லை. அந்த இங்கிலீஷ் பேரைச் சொல்லிப் பெனிட்டாவிடம் கேட்டால் போனில் பார்த்து ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். கேட்கவில்லை. மகள் வாயால் அதைக் கேட்க என்னால் முடியாது.

உனக்கு ஜூன் மாதமே தெரியும். அந்த அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்களே, அன்றைக்கே உனக்குத் தெரியும். நீ தாமதமாக எழுதினாய், பன்றிக் கதை எழுதினாய், கொடியை விட்டுக்கொடு என்று எழுதினாய். எனக்கு அது எதுவும் வேண்டாம். அர்த்தத்தை எழுது. கூட்டத்துக்கு முன்னால் எழுது.

அருளப்பன்


போமா
1.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடவுள் உன்னோடு இருக்கட்டும். டிரைவரிடம் கொடுத்தனுப்பாமல் நானே வண்டியில் ஊருக்கு வந்து, மாதா கோவில் வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அனுப்பிய பிறகுதான் மலைக்குத் திரும்புவேன்.

மக்காக் என்றால் குரங்கு. காவலன் இல்லை. அப்பா நம்மிடம் காவலன் என்று சொல்லிவந்தது தவறு. அப்பாவுக்குச் சொன்னவரும் அறியாமல் சொன்னதுதான்.

குரங்கு என்பதோடு அது முடியவில்லை. வெள்ளைக்காரர்கள் இந்த நாட்டை ஆண்டபோது இங்குள்ளவர்களைக் கூப்பிட்ட பேர் அது. பெலிசிதேயின் அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். மேற்பார்வையாளர்கள் அவரை ஒரு நாளும் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். ஏய் மக்காக், இங்கே வா. ஏய் மக்காக், தூக்கு. சின்ன வயதில் பெலிசிதே அதைத் தன் காதால் கேட்டிருக்கிறார். நான் அதை வீட்டுப் பேர் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார்? சில நாள் கழித்து அவராகவே என் அறைக்கு வந்து, "உன் வீட்டாருக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு உனக்கு எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன், முடியவில்லை.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். அந்தச் சொல் வெள்ளைக்காரருடையது அல்லவாம். இந்த ஆறு கடலில் கலக்கும் பக்கத்து மக்களுடைய சொல். காக்கு என்றால் ஒரு வகைக் குரங்கு. முன்னால் மா சேர்த்தால் பல குரங்குகள். கப்பலில் வந்த போர்த்துக்கீசியர் இங்கே கேட்டு எடுத்துப் போனார்கள், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்குப் போயிற்று. புத்தகங்களிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது என்று இங்குள்ள ஃபாதர் சொல்கிறார். இந்த ஊர்ப் பிள்ளைகள் மரத்தில் குரங்கைக் கண்டால் இன்றும் "மக்காக்கு!" என்று கத்துகிறார்கள். அவர்கள் வாயில் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை. "எங்கள் வாயிலிருந்து சுத்தமாகப் போனது, அழுக்காகித் திரும்பி வந்தது" என்றார் பெலிசிதே.

நம் கொள்ளுத்தாத்தாவைச் சாமியார் திட்டிக் கூப்பிட்டாரா, செல்லமாகக் கூப்பிட்டாரா, எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். ஒருவேளை தோட்டத்தில் குரங்கு வந்தபோது அவரைப் பார்த்து "மக்காக், மக்காக்" என்று கத்தியிருக்கலாம், அதைக் கேட்டவர்கள் அவர் பேர் என்று எடுத்திருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அதை உண்மை என்று எழுத மாட்டேன்.

மச்சான் வீட்டுப் பேரையும் கேட்டாய். அதுவும் ஒரு விலங்கின் பேர்தான். நம்முடையதைவிட மேலானது அல்ல. எந்த விலங்கு என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அது உன் கையில் இருந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. மச்சான் கேட்டால் அவருக்குச் சொல்வேன்.

வாசிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கடிதம் வரவில்லை என்று சொல்லிவிடு. நான் அதைப் பொய்யாக்க மாட்டேன்.

அண்ணிக்கு என் முத்தங்கள்.

கிளாரா


மயோம்பே மலை
22.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறாயா? அண்ணியும் பெனிட்டாவும் நலமா? கூட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. டிரைவர் வரும்போதெல்லாம் கேட்கிறேன். "உங்கள் அண்ணனிடமிருந்து ஒன்றும் இல்லை" என்கிறார். நான் கேட்கும் முன்பே இப்போது கையை விரித்துவிடுகிறார்.

என்மேல் கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போய் அழைத்துப் பார்த்தேன். மணி அடித்தது, நீ எடுக்கவில்லை. மருந்தகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. காயத்துக்குப் போட்ட கட்டையே அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிறேன்.

ஒரு வரி போதும்.

கிளாரா


ஞானப்பட்டி
30.9.2024

அன்புத் தங்கை கிளாராவுக்கு,

மாதா உனக்குத் துணை. எல்லோரும் நலம், இந்த முறை நிஜமாகவே. அண்ணி காலை நீட்டி மடக்குகிறாள். நீ அழைத்தபோது போன் என் கையில்தான் இருந்தது. எடுத்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. எழுதவும் வரவில்லை. எல்லாம் முடிந்து எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைக் கம்பம் டவுனில் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் கிழிக்கலாம் என்று இருந்தது. ஒரு நாள், வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று இருந்தது. ஆனால் பெரும்பாலான நாள், மச்சான் வீட்டுப் பேரைப் பற்றி நீ எழுதிய பத்தியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மானம் போனால் போகட்டும், மச்சான் மானத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவோம், அப்புறம் யார் கொடி எடுத்தால் என்ன என்று. உன் பயம் சரிதான்.

கூட்டத்தில் ஃபாதர் கேட்டார், "அருளப்பன் ஐயா, கடிதம் வந்துச்சா?" எழுந்தேன். மச்சான் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "வாசிங்க மச்சான், சத்தமா வாசிங்க, பின்னாடி கேக்கணும்ல" என்றார். பெண்கள் பக்கத்தில் பாக்கியம் முழங்காலில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து ஏதோ தெரிந்துகொண்டிருக்கிறாள்.

அந்தப் பத்தியிலிருந்து கீழே உள்ளதை உள்ளே மடித்துக்கொண்டேன். மற்றதை வாசித்தேன்.

"குரங்கு" என்ற இடத்தில் யாரோ இருமினார்கள். பெலிசிதே அம்மாவின் அப்பாவைப் பற்றியதை நின்று நின்று வாசித்தேன். முடித்ததும் பின்னால் வினோத்ராஜ் பக்கென்று சிரித்துவிட்டான். சின்னப் பையன், அடக்க முடியவில்லை போலும். மச்சான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"எவன்லே அவன்? எந்திரி. ஒன் வீட்டுக்கு ஒருத்தரும் பேரே வைக்கலையேன்னு சிரிக்கிறியா?"

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, இதை வாசிக்கணும்னு உங்களுக்குக் கட்டாயம் இல்லையே" என்றார். "எழுதுறதை அப்படியே வாசிக்கிறேன்னு சொன்னேன் சாமி" என்றேன். அப்படியே வாசிக்கவில்லை என்பது எனக்கும் உனக்கும் தெரியும்.

"கொடி அருளப்பன் மச்சான் வீட்டுதுதான், எழுதிக்கிடுங்க" என்றார் சாலமன் மச்சான். யாரோ, "பேரு பெருசா இருக்க வீட்டுக்குன்னுல்ல சாமி சொன்னாக?" என்று கேட்டார்கள். மச்சான் அந்தப் பக்கம் திரும்பினார். "பேரு கெடக்கு. இந்தக் காயிதத்தை நீ வாசிப்பியா? நான் வாசிப்பனா?" ஃபாதர் நம் வீட்டுப் பேரை எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கொடி எடுத்தேன். நம் தெரு முனையில் மைக்செட் சுந்தரலிங்கம் வழக்கமாகச் சொல்வதைத் தொடங்கி, "கொடியைத் தாங்கி வருபவர்கள்..." என்று நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தான். "சொல்லுலே. பேரைச் சொல்லு" என்றேன். "மக்காக்கு வீட்டார்!" என்றான். ஒலிபெருக்கி கரகரத்தது. கொடிக்கம்பம் எனக்கு எப்போதும் இருக்கிற கனம்தான் இருந்தது.

மறுநாள் பந்தலுக்குப் போனேன். அந்தப் பெண் குரங்கு கம்பியில் இருந்தது. வலை போட்டும் எப்படியோ உள்ளே வந்திருக்கிறது. தகரத்தை எடுத்தவன் தட்டாமல், "மக்காக்கு" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கேட்கிறவர் யாரும் இல்லை என்ற தைரியம்தான். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் கொள்ளுத்தாத்தா திரும்பிப் பார்த்திருக்கிறார். அதை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தகரத்தைத் தட்டித் துரத்தினேன். பழம் நம்முடையது.

மச்சான் இரண்டு நாளாக வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

பெலிசிதே அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர்கள் அப்பாவின் சொந்தப் பேர் என்ன என்று கேட்டு எழுது.

உன் அண்ணன்
அருளப்பன்


ஞானப்பட்டி
20.10.2024

மதிப்பிற்குரிய சிஸ்டர் கிளாராவுக்கு,

சாலமன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம், அங்கே உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. என் தங்கச்சிக்கு நீங்கள் சொன்ன ஒத்தடத்தால் கால் தேவலை.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆகவே நேராகக் கேட்டுவிடுகிறேன். மச்சான் அன்றைக்கு வாசித்த தாளில் கீழே மடித்திருந்தார். மச்சானுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. மடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வாசித்தார். கூட்டம் முடிந்து, "அதுல என்ன மச்சான்?" என்று கேட்டேன். "அண்ணன் தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்றார். அவர் வீட்டில் தினம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். காபி கொடுக்கிறார்கள், அதைப் பற்றி மட்டும் பேச்சு வரமாட்டேன் என்கிறது. பாக்கியத்திடம் கேட்டேன். "எனக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்" என்கிறாள்.

டீக்கடையில் நான்தான் மச்சானைக் கேலி பண்ணினேன். அவர் கையில் எனக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்று இருந்திருக்கிறது, கொடுக்கவில்லை. அது வரை எனக்குப் புரிந்துவிட்டது. என்ன என்பதுதான் தெரிய வேண்டும்.

தெரியாமலே இருந்துவிடலாமா என்றும் சில நாள் தோன்றுகிறது. பேரன் பள்ளிக்கூடத்தில் போய், எங்கள் வீடு கொசோன் வீடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். ஆகவே எழுதிவிடுங்கள். அடுத்த வருடக் கூட்டத்தில் நானும் எழுந்து வாசிக்க வேண்டும். மச்சான் மட்டும் வாசித்துவிட்டு நிற்பது சரியில்லை.

இப்படிக்கு
சாலமன்


மயோம்பே மலை
9.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஆண்டவர் உங்களையும் வீட்டில் உள்ளவர்களையும் ஆசீர்வதிக்கட்டும். நான் சுகம். இங்கேயும் மழை வந்துவிட்டது. மலைப்பாதை சேறாகி, வண்டி ஏறவில்லை. டிரைவர் இந்தக் கடிதத்தை நடந்தே கொண்டுபோகிறார்.

கொசோன் என்றால் பன்றி.

அந்த ஊரில் வேறு யாருக்கும் இதை நான் எழுதவில்லை. அண்ணனுக்கும் எழுதவில்லை, ஒரு விலங்கு என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் கேட்டால் அவர்களுக்கும் தனித்தனியாக எழுதுவேன். கேட்காதவர்களுக்கு எழுத மாட்டேன்.

உங்கள் தாத்தாவின் அப்பா சமைத்த சோற்றைத் தின்றுவிட்டுத்தான் அந்தச் சாமியார் அந்தப் பேரைச் சொல்லியிருக்கிறார். பேரனிடம் நீங்களே சொல்லுங்கள், போன் சொல்வதற்கு முன்னால்.

சிஸ்டர் பெலிசிதேயின் அப்பா பேரை அண்ணன் கேட்டிருந்தார். அவர் பேர் மவுங்கு. அந்தப் பேரைச் சொல்லிக்கொடுத்தபோது பெலிசிதே என்னை மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார், நான் சரியாகச் சொல்லும் வரை. அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வருடம் நீங்கள் வாசிக்கும்போது அண்ணனைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். தாளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த முறை மடிக்க ஒன்றும் இல்லை.

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொண்டு,
கிளாரா